பாகம் எண், வரிசை எண்

2024 ஏப்ரல் 19. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. சென்னையில் நான் ஓட்டுப் போடும் பள்ளிக்கு 200 மீட்டர் தள்ளி, கட்சிக்காரர்கள் மேசை போட்டு பூத் சிலிப் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர் வந்து வாக்காளர் அட்டையை நீட்டினார். சட்டைப்பையிலேயே பல வருடம் கிடந்து ஓரம் தேய்ந்த அட்டை. மேசையில் இருந்த பையன் பட்டியலைப் புரட்டினான். பெயர் கிடைத்தது. அதன் மேல் குறுக்காக, நீக்கப்பட்டதற்கான முத்திரையும் இருந்தது.

"பெரியவரே, உங்க பேரை எடுத்துட்டாங்களே. வீடு மாறிட்டீங்களா?"

"நாங்க எங்க தம்பி மாறுனோம்? ஆத்தோரம் இருந்த வீட்டை இடிச்சுட்டு தூரத்துல ஒரு புது வீட்டுல கொண்டுபோய் விட்டாங்க. ஓட்டு இங்கதானேன்னு ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

"அங்க பேரு சேத்தீங்களா?"

"அட்டைதான் இருக்கே."

அந்தப் பையன் நல்லவன். மூன்று கட்சி மேசைகளுக்கும் அவரை அழைத்துப் போய் மூன்று பட்டியல்களிலும் தேடிப் பார்த்தான். எல்லாவற்றிலும் அதே முத்திரை. அன்று அதற்குமேல் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலின் கதவு சாத்தப்பட்டுவிடும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் அந்தத் தேர்தலுக்கு மார்ச் 27-ஆம் தேதியே அது சாத்தப்பட்டுவிட்டது.

அட்டை அடையாளத்துக்கு மட்டும்தான். ஓட்டு இருப்பது பட்டியலில். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுகிறது: பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்தத் தொகுதியில் வாக்களிக்கும் உரிமை கிடையாது. 2018-இல் 'சர்கார்' படம் வந்த பிறகு 49பி என்ற விதி ஊரெங்கும் பேசப்பட்டது. நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் அந்த விதிப்படி தனி வாக்குச்சீட்டு கேட்டு வாங்கலாம். அந்தச் சீட்டு உறையிலிட்டு வைக்கப்படும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது, நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும் என்பது பலருக்குத் தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 49பி-யும் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான். கொத்தனாருக்கு அதுவும் இல்லை.

அவர் இந்தியக் குடிமகன். வயது வந்தவர். எந்தக் குற்றமும் செய்யாதவர். அவர் வாக்களிக்கத் தகுதியற்றவர் என்று எந்த நீதிமன்றமும் அறிவிக்கவில்லை. ஆனாலும் அன்று அவருக்கு ஓட்டு இல்லை. அவர் உடம்பு ஓரிடத்தில் இருந்தது, காகிதம் வேறிடத்தில் இருந்தது. இந்திய வாக்குரிமைச் சட்டத்தைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அரசமைப்புச் சட்டம் ஆளைப் பார்த்துக் கொடுத்த உரிமையை, கீழே வந்த சட்டங்கள் முகவரியைப் பார்த்துத் தருகின்றன என்ற எண்ணமே எனக்கு மேலும் மேலும் வலுத்துவருகிறது. அந்த முகவரிக் கண்டிப்பும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை.

*

அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆவது உறுப்பு நீளமானதல்ல. மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் வயதுவந்தோர் வாக்குரிமை அடிப்படையில் தேர்தல் நடக்க வேண்டும், குறிப்பிட்ட வயதை அடைந்த குடிமக்கள் எல்லோருக்கும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள உரிமை உண்டு என்கிறது. அந்த வயது 21 ஆக இருந்தது. 61-ஆவது திருத்தத்தின் மூலம் 1989 மார்ச்சில் 18 ஆனது. யாரை விலக்கிவைக்கலாம் என்பதையும் அந்த உறுப்பே வரையறுக்கிறது: குடியிருக்காமை, சித்தசுவாதீனமின்மை, குற்றம், தேர்தல் முறைகேடு. சொத்து, படிப்பு, சாதி, பாலினம் எதுவும் அந்த வரிசையில் இல்லை.

அதன் அருமை புரிய அதற்கு முன்பிருந்த நிலையைப் பார்க்க வேண்டும். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் வரி கட்டியவர், சொத்து உள்ளவர், படித்தவர் ஆகியோருக்கே பெரும்பாலும் ஓட்டு. பெண்களில் பலருக்குக் கணவனின் சொத்து வழியாகத்தான் ஓட்டு வந்தது. அங்கிருந்து, ஏறத்தாழ 17.3 கோடி பேர் கொண்ட முதல் பொதுத்தேர்தல் பட்டியலுக்கு நாடு தாவியது. இதில் வியப்பானது, பட்டியல் வேலை தொடங்கிய காலம். அரசமைப்புச் சட்டம் எழுதி முடிக்கப்படவில்லை, தேர்தல் ஆணையம் என்ற அமைப்பே இல்லை. 1948-லேயே அரசியல் நிர்ணய சபையின் செயலகம், அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவின் வழிகாட்டுதலில், மாகாணங்களுக்குக் கடிதம் எழுதி வேலையைத் தொடங்கிவிட்டது. ஆர்னிட் ஷானி என்ற வரலாற்றாய்வாளர் 2018-இல் வெளியான தம் நூலில் அந்தக் கோப்புகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

அந்தக் கோப்புகளில் என் மனதில் நிற்பது ஒன்று. பிரிவினையில் எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கானவர்கள் முகாம்களிலும் ரயில் நிலையங்களிலும் கிடந்தார்கள். பட்டியலில் சேர, ஓரிடத்தில் குறிப்பிட்ட காலம் குடியிருந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அவர்களுக்கு அந்த விதியைப் பொருத்தினால் ஒருவர்கூடத் தேறியிருக்கமாட்டார்கள். 'இந்த ஊரில் நிலையாகக் குடியிருக்கப் போகிறேன்' என்று அவர்கள் அறிவித்தால் போதும், எத்தனை நாள் இருந்தார்கள் என்று பார்க்காமல் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று செயலகம் சொன்னது. அகதிக்கு முகவரி இல்லை என்பதால் அவருக்கு ஓட்டு இல்லாமல் போகக் கூடாது என்று நினைத்தவர்கள் அப்போது அந்த நாற்காலிகளில் இருந்தார்கள்.

அதே பட்டியலில் ஒரு பெரிய சறுக்கலும் உண்டு. வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிந்தார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. உரிய பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அடுத்த தேர்தலில் பெண்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்காக எடுத்த கண்டிப்பான முடிவு அது. நீண்டகால நோக்கில் அது சரியென்று வாதிடுவோரை மதிக்கிறேன். ஆனாலும் அந்த 28 லட்சம் பேர் சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தலை வெளியில் நின்று பார்த்தார்கள் என்பதை மறக்க முடியவில்லை.

*

வாக்குரிமை எந்த வகை உரிமை என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன முதல் பதில், நாமக்கல்லில் இருந்து போன வழக்கில் பிறந்தது. முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டப்பேரவையின் நாமக்கல் தொகுதியில் போட்டியிட என்.பி. பொன்னுசாமி மனு தாக்கல் செய்தார். 1951 நவம்பரில் தேர்தல் நடத்தும் அலுவலர் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். பொன்னுசாமி சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். அங்கே தோற்று உச்ச நீதிமன்றம் சென்றார். 1952 ஜனவரி 21 அன்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி உள்ளிட்ட ஆறு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஃபசல் அலி.

தேர்தல் தொடங்கிவிட்டால் நடுவில் நீதிமன்றம் குறுக்கிட முடியாது, எல்லாக் குறைகளையும் தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் வழக்கில்தான் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அதோடு இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு சொன்னது: வாக்களிக்கும் உரிமையும் போட்டியிடும் உரிமையும் இயல்பான குடிமை உரிமைகள் அல்ல, சட்டத்தால் படைக்கப்பட்டவை, ஆகவே சட்டம் விதிக்கும் வரம்புக்குக் கட்டுப்பட்டவை. குறுக்கீட்டைத் தடுத்த முதல் பகுதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு தடையாணை வந்தால் எந்தத் தேர்தலும் நடந்து முடியாது. இரண்டாம் பகுதிதான் எழுபது ஆண்டுகளாக நம்மை விடவில்லை.

1982-இல் ஜோதி பாசு வழக்கில் அது இன்னும் இறுக்கமாகச் சொல்லப்பட்டது: தேர்ந்தெடுக்கும் உரிமை அடிப்படை உரிமையும் இல்லை, பொதுச்சட்ட உரிமையும் இல்லை, வெறும் சட்டவழி உரிமை. 2003-இல் பி.யு.சி.எல். வழக்கில் நீதிபதி பி.வி. ரெட்டி இதை ஒரு படி உயர்த்தினார். அடிப்படை உரிமை இல்லாவிட்டாலும் இது அரசமைப்பு தந்த உரிமை என்றார். சாவடிக்குள் யாருக்கு வாக்களிப்பது என்ற தேர்வைப் பேச்சுரிமையின் ஒரு வடிவமாகவும் பார்த்தார். வேட்பாளர்களின் குற்றப் பின்னணியை வாக்காளர் அறியும் உரிமையும், 2013-இல் வந்த நோட்டாவும் அந்த வாசலின் வழியாக வந்தவைதான். ஆனால் 2006-இல் குல்தீப் நய்யார் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மறுபடி சட்டவழி உரிமை என்ற இடத்துக்கே திரும்பியது. 2023-இல் தேர்தல் ஆணையர் நியமன வழக்கில் நீதிபதி அஜய் ரஸ்தோகி தனியாக எழுதிய தீர்ப்பு, வாக்களிப்பதை அடிப்படை உரிமையோடு இணைத்துப் பேசியது.

இந்த இழுபறி சட்டக் கல்லூரிப் பாடத்தோடு நிற்கும் சங்கதியில்லை. அடிப்படை உரிமை என்றால், அதைக் குறைக்கும் சட்டத்துக்கு அரசு நியாயம் காட்ட வேண்டும். சட்டவழி உரிமை என்றால், கொடுத்த சட்டமே வரம்பும் போடும். நியாயம் கேட்பவர்தான் கஷ்டப்பட வேண்டும். 1947-இல் அரசியல் நிர்ணய சபையின் அடிப்படை உரிமைகள் துணைக்குழு, வாக்குரிமையை அடிப்படை உரிமைகளுக்குள்ளேயே வைக்கப் பரிந்துரைத்தது. அம்பேத்கரும் அதையே விரும்பினார். ஆலோசனைக் குழு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டு, அரசமைப்பின் வேறு பகுதியில் வைக்கலாம் என்று நகர்த்தியது. அந்த இடமாற்றத்தின் விளைவை மிகக் கடுமையாக அனுபவிப்பவர்கள் சிறைக்குள் இருக்கிறார்கள்.

*

62-ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு இப்படிப் போகிறது: தண்டனையாலோ, நாடு கடத்தலாலோ, 'வேறு காரணத்தாலோ' சிறையில் அடைபட்டிருப்பவரும், காவல்துறையின் சட்டப்படியான காவலில் இருப்பவரும் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கக் கூடாது. தீவாந்தரம் அனுப்பிய காலத்துச் சொல் இன்னும் அந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த 'வேறு காரணம்' என்பதற்குள்தான் விசாரணைக் கைதிகள் எல்லோரும் விழுகிறார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். பலருக்கு ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க ஆளில்லை. தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் ஜாமீன் வாங்கி வெளியே இருப்பவர் வரிசையில் நின்று ஓட்டுப் போடலாம். சைக்கிள் திருட்டு வழக்கில் பிணைக்கு வழியில்லாமல் உள்ளே இருப்பவர் போட முடியாது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு அதே உட்பிரிவு விலக்கு தருகிறது, தேர்தல் விதிகள் தபால் ஓட்டும் தருகின்றன. சிறைக்குள் இருந்து வாக்களிக்க ஏற்பாடு செய்ய முடியும் என்பதற்கு அந்த விலக்கே சாட்சி.

1997-இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் நீதிபதி ஜே.எஸ். வர்மா அமர்வு இந்தத் தடையை ஏற்றது. போலீஸ், பாதுகாப்பு, செலவு ஆகியவை ஒரு காரணம். அரசியலில் குற்றவாளிகளின் ஆதிக்கத்தைத் தடுப்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாம் காரணத்துக்குப் பின்னால் நடந்ததைக் கேளுங்கள். 2013 ஜூலையில் ஜன் சௌகிதார் வழக்கில், வாக்களிக்க முடியாதவர் வேட்பாளராகவும் ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சிகள் எல்லாம் அதிர்ந்தன. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: காவலில் இருப்பவரால் வாக்களிக்க முடியாவிட்டாலும் அவர் பெயர் பட்டியலில் தொடரும், ஆகவே போட்டியிடலாம். 2024 மக்களவைத் தேர்தலில் பஞ்சாபின் கடூர் சாஹிபிலும் காஷ்மீரின் பாரமுல்லாவிலும் சிறையில் இருந்தபடியே இருவர் வென்றார்கள். அவர்கள் போட்டியிட்டதில் எனக்கு மறுப்பில்லை. நிரூபிக்கப்படாத வழக்கு ஒருவரை மக்கள் முன் நிற்பதிலிருந்து தடுக்கக் கூடாது. அந்த நியாயம் வேட்பாளருக்குப் பொருந்தும்போது அடுத்த கொட்டடியில் இருக்கும் வாக்காளருக்கு ஏன் பொருந்தவில்லை? நாடாளுமன்றம் சில வாரங்களில் வேட்பாளரின் உரிமையை மீட்டது. வாக்காளரின் உரிமை 1951-இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

326-ஆவது உறுப்பில் இருக்கும் சொல் 'குற்றம்'. விசாரணைக் கைதியின் விஷயத்தில் குற்றம் என்று ஒன்று இன்னும் உறுதியாகவே இல்லை. இதை ஒரு மனநலக் காப்பகத்தோடு ஒப்பிட்டால் பளிச்சென்று தெரியும். சித்தசுவாதீனமின்மையும் அதே உறுப்பில் உள்ள காரணம்தான். ஆனால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, தகுதிவாய்ந்த நீதிமன்றம் அப்படி அறிவித்திருந்தால் மட்டுமே பெயரை நீக்கலாம். காப்பகத்தில் தங்கியிருப்பதே காரணமாகாது. 2019-இல் சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குள் தனி வாக்குச்சாவடி அமைத்தார்கள். நீண்டகாலம் அங்கே இருப்பவர்கள் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டார்கள். அங்கே நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும் என்று நிற்கும் சட்டம், புழல் சிறையில் ஒரு பூட்டு போதும் என்கிறது.

தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 1999-இல் கைதிகள் வாக்களிக்க ஏற்பாடு செய்யத் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. தீர்ப்பை எழுதிய ஆல்பி சாக்ஸ், நிறவெறி ஆட்சியில் தனிமைச் சிறையில் கிடந்தவர். அந்த நாட்டில் ஆட்சியாளர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சிறையை உள்ளிருந்து தெரியும். நம் தேசத் தலைவர்களும் சிறையை உள்ளிருந்து அறிந்தவர்கள்தாம். ஆனாலும் 1951-இல் அந்த உட்பிரிவு எப்படி நுழைந்தது என்பதை இன்றும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

*

இனி 'வழக்கமாகக் குடியிருப்பவர்' என்ற சொற்றொடர். 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஒரு தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவரே அங்கே பதிவு செய்யலாம் என்கிறது. 20-ஆவது பிரிவு அதை விளக்க முயல்கிறது. சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார். தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் குடியிருப்பு போய்விடாது. எத்தனை மாதம் போனால் தற்காலிகம் என்று அது சொல்லவில்லை. அதை ஊருக்கு வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) ஒரு மதியப் பொழுதில் முடிவு செய்கிறார். பூட்டிய வீட்டைப் பார்க்கிறார், பக்கத்து வீட்டில் கேட்கிறார், 'இடம்பெயர்ந்தவர்' என்று குறித்துக்கொள்கிறார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளர் அல்லது பள்ளி ஆசிரியர். தன் வேலையோடு சேர்த்து நூற்றுக்கணக்கான வீட்டுக் கதவுகளைத் தட்ட வேண்டியவர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிறந்த ஊரையோ முன்பிருந்த ஊரையோ விட்டு நகர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல் என்றது. கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன பெண்கள்தான் இதில் மிகுதி. பிழைப்புக்காகப் போனவர்களும் கோடிக்கணக்கில் உண்டு. தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், விழுப்புரம் பக்கத்திலிருந்து ஆறு மாதம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் தைப்பவர்கள். இவர்களுக்குச் சட்டம் சொல்லும் வழி ஒன்றுதான்: எங்கே இருக்கிறீர்களோ அங்கே படிவம் கொடுங்கள், ஊரில் இருக்கும் பெயரை விட்டுவிடுங்கள். இரண்டு இடத்தில் பெயர் இருந்தால் சட்டப்படி தவறு. வாடகை ஒப்பந்தம் இல்லாத வேலைத்தளக் கொட்டகையில் இருப்பவர், எந்த முகவரியைக் காட்டுவார்? ஊரில் பஞ்சாயத்து, ரேஷன், நிலத்தகராறு எல்லாம் இருக்க, அங்கிருக்கும் ஓட்டை எப்படி விடுவார்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்வது பற்றிய அச்சம் 2025-இல் உரக்கப் பேசப்பட்டது. மொழி, அரசியல் ஆகியவற்றில் தமிழர்களுக்கு உள்ள கவலையை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் பத்து வருடமாகத் திருப்பூரில் குடும்பத்தோடு வாழ்பவர் அங்கே பதிவு செய்வது சட்டம் தரும் உரிமை. பெங்களூரிலும் மும்பை தாராவியிலும் பதிவு செய்திருக்கும் தமிழர்களின் உரிமையும் அதே பிரிவில்தான் நிற்கிறது.

முகவரி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பான சட்டம் யாரிடம் நெகிழ்கிறது என்று அதே 20-ஆவது பிரிவைத் தொடர்ந்து படித்தால் தெரியும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் தம் பணிக்காகத் தொகுதியில் இல்லாமல் போனால் அவருடைய குடியிருப்பு போகாது. குடியரசுத் தலைவர், ஆளுநர்கள், அமைச்சர்கள் போன்ற பதவிகளில் இருப்போரும் படைவீரர்களும், 'இந்தப் பணி இல்லாவிட்டால் இன்ன ஊரில்தான் குடியிருந்திருப்பேன்' என்று எழுதிக்கொடுத்தால், மாறாகச் சான்று இல்லாதவரை அது ஏற்கப்படும். 2010-இல் சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவு வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள ஊரிலேயே பெயர் வைத்துக்கொள்ள வழிசெய்தது. துபாயில் பல வருடம் இருப்பவரின் பெயர் ராமநாதபுரத்தில் சட்டப்படி இருக்கும். பெங்களூரில் எட்டு மாதம் இருப்பவரின் பெயர் தருமபுரியில் 'இடம்பெயர்ந்தவர்' ஆகும். மாநிலங்களவைக்குப் போட்டியிடுபவர் அந்தந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2003-இல் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. 2006-இல் குல்தீப் நய்யார் வழக்கு எதிர்த்ததே அதைத்தான், தோற்றதும் அதில்தான்.

இவர்களுக்குத் தந்த நெகிழ்வு சரியானதே. படைவீரரின் ஒரு வரி உறுதிமொழியை நம்பும் சட்டம், செங்கல் சூளைக்குப் போகும் பெண்ணின் அதே உறுதிமொழியை நம்ப வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. 20-ஆவது பிரிவில் இன்னொரு உட்பிரிவு போதும். வாக்களிக்க வழியும் இல்லாமல் இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறிய காஷ்மீரி பண்டிட்டுகளுக்கு ஜம்முவிலும் டெல்லியிலும் சாவடிகள் வைக்கிறார்கள். திரிபுரா முகாம்களில் இருந்த புரூ மக்கள் மிசோரம் தேர்தலில் வாக்களித்தார்கள். 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையமே 72 தொகுதிகளைக் கையாளும் தொலைவாக்கு இயந்திரத்தின் மாதிரியை அறிவித்தது. அடுத்த மாதம் கட்சிகளுக்குக் காட்ட முயன்றபோது எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. நம்பகத்தன்மை பற்றிய அவர்களின் கேள்விகள் நியாயமானவை. அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடாமல் திட்டமே அலமாரிக்குப் போனதுதான் வருத்தம்.

*

மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், 2024 ஏப்ரலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் வாக்களித்தார். பெற்றோர் ஈழத்திலிருந்து வந்த அகதிகள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்கிறது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அந்த வரி புத்தகத்தில் எப்போதும் இருந்தது. அவருக்குப் பாஸ்போர்ட் தரவேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் சொல்ல வேண்டியிருந்தது. முதல் ஓட்டைப் போட்டபோது அவருக்கு வயது 38. அதே முகாமில் 1987 ஜூலைக்குப் பிறகு, அகதிகளாகவே இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கு அந்த வரியும் இல்லை. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளில் மூத்தவர் குடிமகன், இளையவர் நாடற்றவர் என்ற நிலை இதனால் வருகிறது.

குடிமகன் என்று நிரூபிப்பது யார் பொறுப்பு என்பதில் 1995-இல் உச்ச நீதிமன்றம் நல்ல இடத்தில் நின்றது. டெல்லியிலும் மும்பையிலும் குடிசைப் பகுதி மக்களிடம் குடியுரிமைச் சான்று கேட்டுப் பெயர்களை நீக்க முயன்றபோது, லால் பாபு உசேன் வழக்கில், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் முறைப்படி விசாரித்தே சேர்க்கப்பட்டவர் என்ற அனுமானத்தோடு தொடங்க வேண்டும் என்றது. முப்பது ஆண்டு கழித்து, 2025 ஜூனில் பீகாரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம் அந்த அனுமானத்தைத் திருப்பிப் போட்டது. 2003 பட்டியலில் இல்லாதவர்கள் பிறப்பு, பெற்றோர் பற்றிய ஆவணங்களைக் காட்ட வேண்டியிருந்தது. 7.89 கோடிப் பேர் இருந்த பட்டியல், ஆகஸ்ட் 1 அன்று வரைவாக வந்தபோது 7.24 கோடி ஆனது. நீக்கப்பட்ட ஏறத்தாழ 65 லட்சம் பேரின் பெயரையும் காரணத்தையும் வெளியிட வேண்டும் என்று ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே, யார் எதற்காக நீக்கப்பட்டார் என்று ஊர் தெரிந்துகொண்டது. நவம்பரில் அதே வேலை தமிழ்நாட்டுக்கும் வந்தது. டிசம்பரில் வந்த வரைவில் 6.41 கோடி 5.43 கோடியாகக் குறைந்திருந்தது.

இறந்தவர் பெயரும் இரட்டைப் பதிவும் பட்டியலில் கிடப்பது ஜனநாயகத்துக்குக் கேடு. களையெடுக்கத்தான் வேண்டும். ஆனால் நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பெரும்பங்கு 'இடம்பெயர்ந்தவர்' என்பது. அவர் ஓரிடத்திலிருந்து பெயர்ந்தார் என்றால் இன்னோர் இடத்தில் இருக்கிறார். பழைய ஊரில் பெயரை எடுக்கும் அலுவலருக்கு அவரைப் புதிய ஊரில் சேர்க்கும் கடமையைச் சட்டம் தரவில்லை. அது அவர் பாடு. கொத்தனாரின் வீட்டை இடித்ததும் அரசு, புது வீட்டைக் கொடுத்ததும் அரசு. அந்த வீட்டுச் சாவியோடு, பெயர் சேர்க்கும் படிவம் ஆறையும் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

வீடே இல்லாதவருக்குச் சட்டம் இதைவிடக் கனிவாக இருக்கிறது என்பதை அண்மையில்தான் அறிந்தேன். நடைபாதையில் வசிப்பவர் படிவம் ஆறு கொடுத்தால் முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். அவர் எந்த இடத்தைத் தன் இடம் என்று எழுதியிருக்கிறாரோ, அந்த இடத்துக்கு பி.எல்.ஓ. இரவில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே இரவு போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போக வேண்டும். அந்த மனிதர் அங்கே தூங்குகிறார் என்று கண்டால், பெயரைச் சேர்க்க அதுவே போதும்.